பை பறிபோன பிறகு: பொலிஸ் நிலையம், பிரதேச சபை, ஒரு கராத்தே வகுப்பு

பொலிஸ் நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வன்னியில், கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஓர் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க இப்படியொரு ஆலோசனை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது. எந்த நிலையம், எந்த சபை என்று எழுதப் போவதில்லை. கண்டி வீதியோரம் இருப்பவர்களுக்கு இது எங்கும் நடக்கக்கூடியது என்று தெரியும்.

மருந்துக்கடை வேலை முடிந்து சைக்கிளில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது இரவு ஏழரை இருக்கும். பின்னால் வந்த மோட்டார் சைக்கிளில் இருவர். பின்னுக்கு இருந்தவன் எட்டி, கூடையில் கிடந்த கைப்பையை இழுத்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதுபோல, பையின் வாரை ஹாண்டிலில் சுற்றியிருந்தேன். சைக்கிளோடு சேர்ந்து சரிந்தேன். வார் அறுந்தது, பை போய்விட்டது. முழங்கையில் கிரவல் கல் ஏறி, அதை எடுக்க ஊசி தேவைப்பட்டது. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கைப்பேசி, அம்மாவின் கண்ணாடிக்கென்று வைத்திருந்த காசு எல்லாம் அந்தப் பைக்குள்தான்.

போர் முடிந்து 2010இல் மீளக்குடியேறியபோது இந்த ஒழுங்கை முழுவதும் தகரக் கொட்டில்கள். யார் வந்தாலும் போனாலும் நாய் குரைப்பதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். 2013இல் ரயில் கிளிநொச்சி வரை வந்தது. பிறகு ஆடைத் தொழிற்சாலை, பல்கலைக்கழகப் பீடங்கள், லீசிங் கம்பனிகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. வளவுகள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. வெளிநாட்டுக் காசில் தொடங்கி அரைவாசியில் நிற்கிற கல்வீடுகள் இரண்டு எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. இரவில் அங்கே யார் இருக்கிறார்கள், என்ன புகைக்கிறார்கள் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் வாடகைக்கு வந்தவர்கள்தான் காரணம் என்று ஊரில் ஒரு பேச்சு. அன்று நான் விழுந்து கிடந்தபோது, பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்த வீட்டுப் படலை திறக்கவில்லை. ஓடி வந்து தூக்கியவள் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிற தொழிற்சாலைப் பிள்ளை. மோட்டார் சைக்கிள் இலக்கத்தின் கடைசி நான்கு எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். முழு இலக்கத்தையும் பார்க்க முயன்றால் ஒன்றும் மனதில் நிற்காது. கடைசி நான்கும் போதும் என்பது அவள் சொன்னது.

அன்றிரவே 119க்கு அழைத்தோம். நிலையத்துக்கு வந்து முறைப்பாடு கொடுக்கச் சொன்னார்கள். போனோம். தமிழ் எழுதத் தெரிந்தவர் விடுமுறையில் இருக்கிறார், காலையில் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். காலையில் போனால், அவர் நீதிமன்றக் கடமையில். பின்னேரம் போனால், வருகிறார், இருங்கள். வாங்கில் இருந்து முழங்கைக் கட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு கான்ஸ்டபிள் சலித்துப்போய்த் தானே எழுதுகிறேன் என்றார். நான் தமிழில் சொன்னேன், அவர் சிங்களத்தில் எழுதினார். கொச்சைத் தமிழ் என்றாலும் மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். எழுதி முடித்து, புத்தகத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்து வைக்கும் இடத்தில் பேனை முனையால் தட்டிக் காட்டினார்.

சாட்சிக்கு வந்த அந்தப் பிள்ளை கட்டுநாயக்காவில் சில காலம் வேலை செய்து சிங்களம் வாசிக்கப் பழகியவள். குனிந்து வாசித்தாள். பிறகு என் காதுக்குள், "அக்கா, வீதியில் வரும்போது பை தொலைந்துவிட்டது என்றுதான் இதில் இருக்கிறது" என்றாள். மோட்டார் சைக்கிளும் இல்லை, இலக்கமும் இல்லை, முழங்கையும் இல்லை.

கேட்டேன். "அடையாள அட்டை எடுக்க இது போதும் மிஸ். மற்றபடி எழுதினால் நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்" என்றார். என் நன்மைக்குத்தான் என்கிற தொனி. தொலைந்த பொருளுக்கு யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு முன்பொருமுறை சட்ட விளக்கம் சொல்ல வந்த சட்டத்தரணி அழுத்திச் சொல்லிவிட்டுப் போன ஒன்று அந்த நேரத்தில் கைகொடுத்தது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவுப்படி, வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அதிகாரியால் முடியாவிட்டால், முறைப்பாட்டுக்காரரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது 1988இல் வந்த 16ஆம் திருத்தத்தோடு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. நான் பிரிவு இலக்கமெல்லாம் சொல்லி வாதாடவில்லை. சட்டம் பேசினால் சிலருக்குக் கோபம்தான் வரும். "உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம் சேர், நானே தமிழில் எழுதித் தருகிறேன்" என்றேன். பேசாமல் இருந்தார். உள்ளே போய்ப் பொறுப்பதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து இரண்டு தாள் தந்தார்.

எழுதும்போது ஒழுங்காக எழுதுங்கள். நேரம், இடம், எந்தத் திசையில் ஓடினார்கள், பின்னால் இருந்தவன் எந்தக் கையால் இழுத்தான், காயம், சாட்சி, பைக்குள் இருந்தவை. ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனியாக இருக்கிற 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணையும் சேருங்கள். அது பெட்டியில் இருக்கும். பெட்டியை எறிந்துவிட்டவர்கள் இப்போதே *#06# அழுத்தி, வருவதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பறிபோன பிறகு அழுத்துவதற்குக் கையில் போன் இருக்காது. முறைப்பாடு பதிந்த புத்தகம், பக்கம், பந்தி மூன்றையும் கேட்டு வாங்காமல் வாசற்படி இறங்க வேண்டாம். அவை இல்லாமல் மறுபடி போனால், எந்த முறைப்பாடு என்று உங்களிடமே கேட்பார்கள்.

அடையாள அட்டைக்குக் கிராம அலுவலர், புகைப்படம், பிரதேச செயலகம் என்று எல்லாம் சுமுகமாகவே நடந்தன. படத்தை மட்டும் ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு செய்த ஸ்டூடியோவிலேயே எடுங்கள்.

அடுத்தது விளக்கு. பை பறிபோன இடத்தில் மின்கம்பம் இருக்கிறது, அதில் மின்குமிழ் இல்லை. பிரதேச சபையில் கேட்டால் கம்பம் மின்சார சபையுடையது என்றார்கள். மின்சார சபையில் கேட்டால் வீதி விளக்கு பிரதேச சபையின் பொறுப்பு என்றார்கள். இரண்டுமே உண்மை, அதுதான் கொடுமை. நான் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, ஒழுங்கையில் உள்ள எல்லாக் குடும்பங்களிடமும் கையெழுத்து வாங்கி, கிராம அலுவலரின் பரிந்துரையோடு சபைச் செயலாளருக்குக் கடிதம் கொடுத்தேன். அன்று திறக்காத படலையும் கையெழுத்துக்குத் திறந்தது. கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தந்தால்தான் போவேன் என்று கவுண்டரில் நின்றேன். அந்த முத்திரைதான் வேலை செய்தது. அடுத்த முறை போனபோது கோவையைத் தேடி எடுத்தார்கள். இப்போது விளக்கு எரிகிறது. பகலிலும் எரிகிறது. அதற்கு இன்னொரு கடிதம் எழுத எனக்குத் தெம்பில்லை.

கராத்தே வகுப்பு அந்தப் பிள்ளையின் யோசனை. பொது நோக்கு மண்டபத்தைக் கேட்டபோது சங்கத்தில் பாதிப் பேர் தயங்கினார்கள். பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி என்றால் எங்கள் பக்கத்தில் அம்மாமாருக்கு வயிறு கலங்கும், அதற்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். முதல் வகுப்பு முடியும் முன்பே சிவில் உடையில் ஒருவர் வந்து, யார் நடத்துவது, காசு எங்கிருந்து வருகிறது, பெயர்ப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டார். மண்டபம் தந்த கடிதத்தின் பிரதியைக் காட்டினோம். பட்டியல் கொடுக்கவில்லை. தலைவியின் தொலைபேசி இலக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு போனார். அதற்கடுத்த கிழமை மூன்று பிள்ளைகளை வீட்டில் விடவில்லை.

மாஸ்டர் முதலில் சொன்னதே பையை விட்டுவிடுங்கள் என்பதுதான். வாரைக் கையிலோ ஹாண்டிலிலோ சுற்றினால் பையோடு நீங்களும் இழுபடுவீர்கள். அடையாள அட்டையை உடம்போடு வேறாக வையுங்கள், கத்துங்கள், வெளிச்சமுள்ள வீட்டுப் பக்கம் ஓடுங்கள். கையைப் பிடித்தால், பிடித்தவனின் பெருவிரல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகத் திருப்பி இழுக்க வேண்டும். பிடியில் பலவீனமான இடம் அதுதான். சங்கத் தலைவி அக்காவுக்கு வயது அறுபதுக்கு மேல், சேலையோடு வந்திருந்தார். மாஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாகச் செய்யுங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் கையை உருவிவிட்டார். மாஸ்டர் தன் விரலை உதறிக்கொண்டு சிரித்தார். அதன் பிறகுதான் சேலை கட்டிய மற்றவர்களும் எழுந்து வந்தார்கள்.

தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகளில் தற்காப்புரிமை இருக்கிறது என்றும், ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் அது போகாது என்றும் மாஸ்டர் சொல்லிக் கொடுக்கிறார். ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்தால் அடுத்த முறைப்பாடு உங்கள் மீதுதான். வார்த்தையாலோ செயலாலோ பாலியல் தொல்லை கொடுப்பது 345ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். பஸ்ஸில் நடப்பதும் அதற்குள் வரும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸ் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996.

பை கிடைக்கவில்லை. நிலையத்திலிருந்து ஒருமுறை அழைத்து, கடைசி நான்கு எண்கள் பொருந்துகிற ஒரு மோட்டார் சைக்கிளை அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அன்று இரவு வேலை. அவளுக்கு லீவு கிடைக்கிற நாளில் இருவருமாகப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பக்கமும் பந்தியும் எழுதிய துண்டு என்னிடம்தான் இருக்கிறது.