தின்றும் மெலிந்த நாய்

கிண்ணம் நிறையத் தின்ற நாய்க்கு விலா எலும்பு தெரிந்தால், யாழ்ப்பாணத்தில் முதலில் எழுகிற பேச்சு பூச்சியைப் பற்றியதாகவே இருக்கும். பெரும்பாலும் அது சரியான பேச்சும்கூட. எங்கள் வளவு மண்ணில் வட்டப்புழுவுக்கும் கொழுக்கிப்புழுவுக்கும் குறைவில்லை. ஆனால் பூச்சிக்குளிசை முறையாகக் கொடுத்த பிறகும் ஓர் இளம் நாய் அகோரப் பசியோடு தின்று தின்று மெலிந்துகொண்டே போனால், அதன் சதையியை, அதாவது உணவைச் செரிக்கவைக்கும் நொதியங்களைச் சுரக்கும் உறுப்பை, சந்தேகிக்க வேண்டும் என்பதை எங்கள் சீசரின் நோய்தான் எனக்குக் கற்றுத் தந்தது.

சீசர் ஓர் அல்சேசன். ஒரு வயதைத் தாண்டும் வரை கொழுகொழுவென்று வளர்ந்தவன், அதற்குப் பிறகு இரண்டு ஆள் சோற்றைத் தின்றும் நாளுக்கு நாள் இளைத்து, ஒன்றரை வயதில் பத்தொன்பது கிலோவுக்கு இறங்கியிருந்தான். அந்த இனத்தில் அந்த வயது ஆண் நாய் முப்பது கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். வீதியால் போன அயல்வீட்டு ஆச்சி படலையடியில் நின்று, "தம்பி, இந்த வாயில்லாச் சீவனுக்குச் சோறு வைக்கிறனீங்களோ?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்ப்பவர் எவரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

விடை நாயின் உடம்பைவிட அதன் மலத்தில்தான் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. இத்தகைய நோயில் மலத்தைக் கூர்ந்து பார்ப்பதற்கு அருவருப்புப்படக் கூடாது. சீசரின் மலம் வெளிர் மஞ்சளாக, தளர்ந்து, எண்ணெய் பூசியதுபோல மினுங்கி, தின்ற சோற்றுக்குச் சற்றும் குறையாத அளவில், நாளில் பல தடவை வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் சீமெந்துத் தரையில் கொழுப்புப் படலம் ஒன்று எஞ்சி நின்றது. இரவில் விறாந்தையில் படுத்திருக்கும்போது அவனுடைய வயிறு இரைவது அறைக்குள் இருக்கும் எங்களுக்குக் கேட்டது. கண் தப்பினால் தன் மலத்தையே தின்றான். மயிர் பொலிவிழந்து கையோடு வந்தது.

மிருக வைத்தியர் முதலில் மலத்தில் புழு முட்டைகளைத் தேடினார். பிறகு இந்தப் பகுதியில் எந்த நாயிலும் ஐயுற வேண்டிய உண்ணிக்காய்ச்சலுக்காகக் குருதியைப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றும் அகப்படவில்லை. ஈரலும் சிறுநீரகமும் ஒழுங்காக இருந்தன. அப்போது அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "சாப்பிடுற அளவில குறையில்லை எண்டால், சாப்பிட்டது எங்க போகுது எண்டுதான் பாக்கவேணும்."

அதைக் கண்டறியும் பரிசோதனைக்கு ரி.எல்.ஐ. என்று பெயர். சதையி மட்டுமே உற்பத்தி செய்யும் திரிப்சினோஜன் என்ற பொருள் சுகதேகியான நாயில் சிறிதளவு குருதிக்குள் கசியும்; சதையியின் சுரக்கும் இழையம் அழிந்துபோனால் அந்தக் கசிவும் அற்றுப்போகும். குருதியில் உள்ள அந்த அளவைத்தான் இந்தப் பரிசோதனை பார்க்கிறது. மனிதருக்குச் செய்யும் பரிசோதனை இதற்கு உதவாது, நாய்க்கென்றே உருவாக்கப்பட்டதாக இருக்க வேண்டும். சதையி நொதியங்களுக்கு வழமையாகப் பார்க்கும் அமிலேஸ், லிப்பேஸ் அளவுகளும் இந்த நோயைக் காட்டித்தர மாட்டா. சீசரை ஓர் இரவு பட்டினி போட்டு, காலையில் எடுத்த குருதியின் நீர்ப்பாயத்தை (சீரம்) கொழும்பின் ஊடாக வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். லீற்றருக்கு 2.5 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவோ இருந்தால் நோய் உறுதி. சீசருக்கு வந்த அளவு அதன் பாதியைக்கூட எட்டவில்லை. அனுப்புகிற செலவைக் கேட்டுத் தயங்குகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்வேன்: ஊகத்தின் பேரில் மாறி மாறிக் கொடுக்கும் மருந்துகளுக்கு ஆகும் செலவு, சேர்த்துப் பார்த்தால், அதைவிடக் கூடுதலாகவே முடியும்.

நடந்தது இதுதான். கொழுப்பையும் புரதத்தையும் மாப்பொருளையும் உடைக்கும் நொதியங்களைச் சிறுகுடலுக்கு அனுப்பும் கலங்களை, உடலின் சொந்த நோயெதிர்ப்பே சிறுகச் சிறுக அழித்துவிடுகிறது. சதையியின் சுரப்பாற்றலில் ஏறக்குறைய 90 வீதம் அழியும் வரை வெளியே ஒன்றும் தெரியாது, அதனால்தான் நாய் திடீரென்று நோயுற்றதுபோலத் தோன்றுகிறது. அல்சேசனிலும் கொலி இனத்திலும் இது பரம்பரையோடு தொடர்புபட்டு, பெரும்பாலும் இளம் வயதிலேயே வருகிறது. இன்சுலின் சுரக்கும் கலங்கள் பொதுவாகத் தப்பிவிடுவதால், கூடவே நீரிழிவு வருவதில்லை. அழிந்த இழையம் மீண்டும் வளராது. எனவே வைத்தியம் ஆயுள் முழுவதற்கும் உரியது.

வைத்தியத்தின் முதற்பகுதி, இல்லாத நொதியத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுப்பது. பன்றிச் சதையியில் இருந்து செய்த தூள், பத்துக் கிலோ உடல் நிறைக்கு ஒரு தேக்கரண்டி என்ற அளவில், ஒவ்வொரு வேளையும் உணவில் கலக்கப்பட வேண்டும். மனிதருக்கான பூச்சிட்ட குளிகைகள் நாயின் குடலில் அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை. எங்களுக்குத் தூள் கனடாவில் இருந்து வந்த மாமியின் பயணப்பெட்டியில் வந்தது. யாழ்ப்பாணத்தில் பாதி மருந்துக்கடை அப்படித்தானே நடக்கிறது! சூடான சோற்றில் கலந்தால் நொதியம் செத்துவிடும் என்பதால் சோறு நன்றாக ஆற வேண்டும். உலர்ந்த தூள் வாயில் ஒட்டினால் முரசு புண்ணாகி இரத்தம் கசியும் என்பதால் சிறிது தண்ணீரும் விட்டுப் பிசைய வேண்டும். கலக்குகிறவரும் தூளை மூச்சோடு இழுக்கக் கூடாது.

தூள் முடியும் தறுவாயில் இறைச்சிக்கடைக்குப் போனேன். பச்சைச் சதையியை நறுக்கி, பத்துக் கிலோவுக்கு 30 முதல் 90 கிராம் வரை ஒரு வேளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கடைக்காரர் ஆட்டின் குடலை விரித்து, சிறுகுடலின் முதல் வளைவில் ஒட்டியிருந்த, சிறு சிறு மணிகளாகப் பிரிந்த வெளிர் இளஞ்சிவப்பு நாடா ஒன்றைக் கத்தி நுனியால் தூக்கிக் காட்டினார். குப்பைக்குப் போகிற அந்தத் துண்டுக்கு அவர் காசு வாங்கவில்லை. உறையவைத்தால் அதன் நொதியச் சக்தி மாதக்கணக்கில் குறையாது. அவித்தால் ஒரு பயனும் இல்லை. பன்றியின் பச்சைச் சதையியை நாங்கள் தொடவில்லை, நாயைக் கொல்லும் ஓயெஸ்கி நோய் அதன் வழியே தொற்றலாம்.

பலர் கோட்டை விடுகிற இடம் விற்றமின் பி12. அந்த விற்றமின் குடலில் உறிஞ்சப்படுவதற்குத் துணைநிற்கும் புரதத்தை நாயில் பெரும்பாலும் சதையியே சுரக்கிறது. ஆகவே சதையி கெட்டால் பி12 உம் இறங்கும். அது இறங்கிய நிலையில் எவ்வளவு நொதியம் கொடுத்தாலும் நாய் எதிர்பார்த்த அளவு தேறாது. முதல் ஆறு வாரமும் வாரத்துக்கு ஓர் ஊசி, பிறகு மாதம் ஒன்று என்று வைத்தியர் ஒழுங்கு செய்தார். என் பார்வையில் இந்த நோயின் வைத்தியத்திலேயே செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்: தூளுக்கு வெளிநாட்டை எதிர்பார்த்திருக்கிற ஊரில், பி12 ஊசி மருந்து சாதாரண பாமசியிலேயே கிடைக்கிறது.

குடலில் பெருகிய பக்ரீரியாக்களுக்காகச் சில வாரம் ரைலோசின் என்ற பக்ரீரியா எதிர்ப்பு மருந்தும் கொடுத்தோம். உணவில் நார் குறைய வேண்டும் என்பதால், வீட்டில் பெருமையாகப் போட்டுவந்த குத்தரிசிச் சோறும் கீரையும் நின்று, குழைய அவித்த பச்சையரிசியும் தோலுரித்த கோழியும் வந்தன. ஒரு நாள் உணவை மூன்று வேளையாகப் பிரித்தோம். அம்மாவுக்கு இதில் மனமில்லை. "கீரை இல்லாத சாப்பாடும் ஒரு சாப்பாடே" என்று இப்போதும் சொல்லிக்கொள்வார்.

மலம் முதல் வாரத்திலேயே இறுகிக் கபில நிறத்துக்கு வந்தது. நிறை மெதுவாகத்தான் ஏறியது. இப்போது இருபத்தொன்பது கிலோவில் நிற்கிறான். தூள் கலக்காத ஒரு பாண் துண்டை யாராவது எறிந்தால்கூட மறுநாள் மலம் காட்டிக்கொடுத்துவிடும், ஆகையால் வருகிற விருந்தாளிகளுக்குப் படலையிலேயே சொல்லிவிடுகிறோம். அவனுடைய தோற்றத்தைக் கண்டு குட்டி எடுக்கக் கேட்டு வந்தவர்களுக்கு மறுத்துவிட்டோம். பரம்பரையாகக் கடத்தக்கூடிய நோயுள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. நிறை முப்பதைத் தொட்டதும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வதாக வைத்தியரோடு பேசி வைத்திருக்கிறோம்.