ஆகாயத்துப் பிளசர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கத்தில் பழைய ஆட்கள் காருக்கு இன்றும் பிளசர் என்றுதான் சொல்வார்கள். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு ரப்பர் எஸ்டேட் முதலாளிக்குப் பிளசர் ஓட்டினார். அம்பாசிடர். நான் பைலட் ஆனதும் ஊரில் ஒரு சந்தேகம் கிளம்பியது. யூனிபாரத்தோடு போட்டோ இருக்கிறது, சரி. ஆனால் டிக்கெட் எடுத்து இவன் விமானத்தில் ஏற முடியாதாமே, அப்படியானால் இவன் என்னத்தை ஓட்டுகிறான்? சாயாக்கடையில் கேட்டவர்களுக்கு அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "மத்தவனுவ பஸ் ஓட்டுகானுவ. இவன் பிளசர் ஓட்டுகான்."

பிசினஸ் ஜெட் என்கிற இந்தத் தனியார் சின்ன விமானத்தைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நான் ஓட்டுவது செஸ்னா சைட்டேஷன் எக்ஸ்எல்எஸ். எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். முழுச் சுமையோடு 9 டன் சொச்சம். ஏர்பஸ் ஏ320 என்றால் 78 டன் வரை வரும். அதனால் இது சொன்ன பேச்சைச் சட்டென்று கேட்கும். பெரிய விமானங்கள் 33,000 அடிக்கும் 39,000 அடிக்கும் நடுவே வரிசை கட்டிப் போகும்போது நாங்கள் 43,000இல் தனியாகப் போவோம். மேலே வானம் கத்தரிப்பூ நிறத்துக்குக் கருத்திருக்கும். மேகமெல்லாம் அநேகமாகக் காலுக்குக் கீழே. மே மாதத்து இடிமேகம் மட்டும் விதிவிலக்கு, அது 50,000 அடியையும் தாண்டி நிற்கும், அதற்கு வழிவிட்டு ஒதுங்கத்தான் வேண்டும். ரசித்துக்கொண்டே இருந்தாலும் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த உயரத்தில் கேபின் காற்றழுத்தம் போய்விட்டால் புத்தி தெளிவாக இருப்பது 9லிருந்து 12 விநாடி. அதற்குள் மாஸ்க் மூஞ்சியில் ஏறியிருக்க வேண்டும். பயிற்சியில் எத்தனை முறை செய்திருந்தாலும், மாஸ்க் தொங்கும் இடத்தை உட்கார்ந்தவுடன் ஒருதரம் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

சென்னையிலிருந்து மாலத்தீவுக்குப் போகும் வழி எங்கள் ஊருக்குப் பக்கமாகத்தான் போகிறது. மழை கழுவிவிட்ட நாளில் இடது ஜன்னலில் பேச்சிப்பாறை அணை உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும். அதற்கு இந்தப் பக்கம் பச்சை. அந்தப் பச்சைக்குள் எங்கோ அம்மை துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு நிமிஷம், அவ்வளவுதான், அப்புறம் கடல்.

பறப்பதைப் பற்றி இவ்வளவு எழுதியதே அதிகம். மாதத்தில் நான் பறக்கிற நேரத்தைவிடக் காத்துக்கிடக்கிற நேரம் பல மடங்கு. மிச்ச வேலை கிளீனர் வேலை. பஸ் ஓட்டுகிறவருக்குக் கண்டக்டர் உண்டு, டிப்போ உண்டு. பிளசர்காரனுக்கு யார்? சாப்பாடு வந்ததா என்று பார்ப்பது, ஐஸ் பெட்டியை நிரப்புவது, பெட்டிகளைப் பின்பக்க அறையில் அடுக்குவது, ராத்திரி நிறுத்திவைக்கும்போது என்ஜின் வாய்க்கு உறை மாட்டுவது எல்லாம் நானும் கோ-பைலட்டும்தான். ஒருமுறை நாலு கோடுபோட்ட தோள்பட்டையோடு மண்டியிட்டுக் கம்பளத்தில் சிந்திய சாம்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோ-பைலட் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். கல்யாணத்துக்குப் போடுவானாம்.

காத்திருப்பதை அப்பாவிடம்தான் கற்றேன். முதலாளி உள்ளே பேசிக்கொண்டிருக்க, அவர் அயனிமரத்து நிழலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிற்பார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைப்பார். அலுப்பே தெரியாது. பின் சீட்டில் பேசியது எதையும் வீட்டில் வந்து சொன்னதும் இல்லை. முதலாளி வீட்டுப் பாகப்பிரிவினையை ஊரே பேசி முடித்த பிறகுதான் அப்பாவுக்கு அது முதலிலேயே தெரியும் என்பது எங்களுக்குத் தெரிந்தது. என் விமானத்தில் எனக்கும் பயணிகளுக்கும் நடுவே ஒரு திரைதான். கம்பெனி விற்கிற பேச்சு, சம்பந்தம் முறிகிற பேச்சு எல்லாம் காதில் விழும். ஹெட்செட்டை இறுக்கிக்கொள்வேன்.

அம்மைக்குத்தான் என் உத்தியோகத்தில் ஒரு குறை. ஊருக்குப் போனால் ராத்திரி தசமூலாரிஷ்டம் ஒரு அவுன்ஸ் ஊற்றித் தருவாள். அரிஷ்டத்தில் புளிப்பு ஏறி உண்டாகிற சாராயச் சத்து உண்டு. அன்றைய முதல் பறப்புக்கு முன்னால் நாங்கள் குழாயில் ஊதிக்காட்ட வேண்டும், துளி காட்டினாலும் வேலைக்கு ஆபத்து. "மருந்து குடிக்கப்பிடாத அப்பிடி என்ன ஒரு வேலை மக்களே!" என்பாள்.

இந்த வேலையில் உண்மையிலேயே கஷ்டமானது, பணம் கொடுத்தவரிடம் முடியாது என்று சொல்வது. பெரிய கம்பெனியில் கேப்டனுக்கும் பயணிக்கும் நடுவே கவுண்டர் இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது. இங்கே அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "அந்தப் பக்கம் வெளிச்சமாகத்தானே இருக்கிறது, போகலாமே" என்பார். 2023 செப்டம்பர் 14 அன்று மும்பையில் கொட்டும் மழையில் இறங்கிய ஒரு லியர்ஜெட் ஓடுபாதையை விட்டு விலகி நொறுங்கியது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் பிழைத்தார்கள். அன்று ராத்திரி எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொண்டே இருந்தோம். யார் தப்பு என்று ஒருவரும் பேசவில்லை. அவரவர் மழையில் இறங்கிய ஏதோ ஒரு சாயங்காலத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆனால் நான் மிகச் சிரமப்பட்டு முடியாது என்று சொன்னது வானிலைக்காக இல்லை, சாமிக்காக.

திருவனந்தபுரம் பத்மநாபசாமிக்குப் பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆராட்டு, அதாவது சாமியைக் கடலில் நீராட்டுகிற திருவிழா. ராஜகுடும்பத்துத் தலைவர் வாளேந்தி வர, ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். போகிற வழி விமான ஓடுபாதையின் மேலே. விமான நிலையம் வந்தது 1932இல், ஊர்வலம் அதற்கும் முந்தியது. வழியை மாற்றவில்லை. அதனால் வருஷத்தில் இரண்டு நாள் சாயங்காலம் சில மணி நேரம் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். முறைப்படி நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு) வரும். 1949 வரை நாங்களும் திருவிதாங்கூர் ராஜ்ஜியம்தான்; கடைசிவரை ராஜாவைப் பொன்னுதம்புரான் என்றே சொன்ன பாட்டியின் பேரனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மும்பையிலிருந்து வந்தவருக்கு இருந்தது.

அவர் குடும்பத்தோடு கன்னியாகுமரி பார்க்க வந்தவர். மும்பையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரத்தில் இறக்கிவிட்டேன். அங்கிருந்து கன்னியாகுமரி 90 கிலோமீட்டர்தான், ஆனால் எங்கள் ரோட்டில் அது மூன்று மணி நேரம். (இந்தக் கணக்கை எந்தப் பணக்காரரும் நம்புவதில்லை.) நாலு மணிக்கு மூடுகிறார்கள், மூன்றேகாலுக்குள் விமானத்தில் இருக்க வேண்டும் என்று முந்தின நாளே இரண்டு முறை சொன்னேன். அவர் பாறைக்குப் படகில் போய்வந்து, நாகர்கோவிலில் நின்று சுடச்சுட நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார். 2.40க்கு மார்த்தாண்டத்தில் நிற்பதாக டிரைவர் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. உறையை எடுத்து மாட்டு என்று கோ-பைலட்டிடம் சொன்னேன்.

4.20க்கு வந்து இறங்கினார். முதலில் நம்பவில்லை. பிறகு பணம் பேசினார். பிறகு, "யாரிடம் பேச வேண்டும், நம்பர் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். பத்மநாபசாமி நம்பர் என்னிடம் இல்லை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கினேன். திறந்த பிறகு புறப்படலாம் என்றால் எங்கள் டியூட்டி நேர வரம்பு இடிக்கிறது. நாளைக் காலை ஆறு மணி சார் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன்னை வைத்துக்கொள்வதற்கு நான் ஒரு டிரைவரையே வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஹோட்டலுக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டேன். டிரைவர் என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆராட்டைப் பற்றிக் கேட்கவில்லை, என் வேலைக்குப் பாதகம் வருமா என்றும் கேட்கவில்லை.

"கூட பிள்ளைகளு உண்டா?"

"ரெண்டு பேருப்பா."

"மத்தியானம் ஏதாம் தின்னாவளா?"

தெரியவில்லை என்றேன்.

"கேட்டிருக்கணும்லா மக்களே," என்றார்.