குழி எந்த மூலையில்?

சண்டை ரோபோ கட்டுகிறவர்களின் பேச்சு பெரும்பாலும் ஆயுதத்தைச் சுற்றியே இருக்கும். பிளேடு என்ன எஃகு, மோட்டார் எத்தனை சுற்று என்று. 1.5 கிலோ பிரிவில் முதல் போட்டியை முடித்துவிட்டு வந்த எனக்கோ அரீனாவின், அதாவது சண்டைக்களத்தின், தரையைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது.

எங்கள் ரோபோவில் சுழலும் ஆயுதம் கிடையாது. நான்கு சக்கரம், தரையை உரசிக்கொண்டு போகும் வெட்ஜ் என்கிற சரிவான எஃகுத் தகடு, அதன்மேல் தூக்குவதற்கு ஒரு கை. அவ்வளவுதான். எதிராளியை உடைக்க முடியாது, தள்ளத்தான் முடியும். ஆகவே எங்கே தள்ளுவது என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டியிருந்தது.

பரிசோதனை சீக்கிரம் முடிந்தது. எடை பார்த்தார்கள். ரிமோட்டை அணைத்ததும் ரோபோ அந்த நொடியே நிற்கிறதா, கைக்குப் பூட்டு இருக்கிறதா, மின்சாரத்தைத் துண்டிக்கும் லிங்க்கை வெளியிலிருந்தே உருவ முடிகிறதா என்று பார்த்தார்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான் சார்ஜ் போடலாம். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அடிபட்ட லிப்போ எப்படி எரியும் என்று பார்த்தவர்கள் இதைத் தொந்தரவு என்று சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் அரீனாவைச் சுற்றிப் பார்த்தோம். பாலிகார்பனேட் சுவர், அதன் அடியில் தாழ்வான எஃகு விளிம்பு, பலகைகளை இணைத்துப் போட்ட தரை, ஒரு மூலையில் குழி. கடைசி நிமிடத்தில் குழியின் மூடி கீழே இறங்கும். தொலைக்காட்சியில் வந்த பேட்டில்பாட்ஸ் என்ற அமெரிக்க ரோபோச் சண்டை நிகழ்ச்சியின் அரீனாவில் தரைக்கடியிலிருந்து ரம்பம் எழும், மூலைகளில் பெரிய சுத்தியல்கள் இறங்கும். பார்க்கப் பிரமாதம். ஆனால் ரம்பம் ஒரு ரோபோவைத் தூக்கிப் போட்டாலும் சண்டை தொடரும்; குழியில் விழுந்தால் அதோடு சரி. ரோபோ வார்ஸ் என்ற பிரிட்டிஷ் நிகழ்ச்சியில் எத்தனையோ பலசாலிகள் இப்படித்தான் போனார்கள். என்னைக் கேட்டால் குழியைவிடக் கொடிய ஆயுதம் எந்த ரோபோவிலும் இல்லை.

முதல் சண்டை செங்குத்து ஸ்பின்னரோடு, அதாவது ஆயுத வட்டு நின்றவாக்கில் சுழலும் ரோபோவோடு. அந்த வட்டு முழு வேகம் எடுக்கச் சில நொடிகளாகும். அந்த அவகாசத்தைத் தரக்கூடாது என்று மணி அடித்ததும் நேராகப் போய் மோதினோம். அதற்குப் பிறகும் அது வேகம் எடுத்துவிட்டது. அப்போது அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். வேகமாகச் சுழலும் வட்டோடு சட்டென்று திரும்பினால், சுழற்சியின் விசையே ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அது தள்ளாடியபோது பக்கவாட்டில் புகுந்து சுவருக்குத் தள்ளினோம். வட்டு எஃகு விளிம்பில் பட்டதும் தன் அடியின் வேகத்திலேயே எகிறித் தலைகீழாக விழுந்தது. தலைகீழாக ஓடக்கூடிய ரோபோ அல்ல அது. நடுவர் பத்து எண்ணி முடித்தார்.

இரண்டாவது கிடைமட்ட ஸ்பின்னர்; அதன் ஆயுதம் படுக்கைவாக்கில் சுழலும். ஒரு சக்கரத்தைப் பறிகொடுத்து, 3 நிமிடமும் தாக்குப்பிடித்து, நடுவர்கள் தீர்ப்பில் தோற்றோம். சேதம், ஆக்ரோஷம், கட்டுப்பாடு மூன்றையும் பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். சேதக் கணக்கில் எங்களுக்கு வழியே இல்லை.

மூன்றாவதுதான் நான் மறக்காதது. எதிரில் எங்களைப் போலவே ஒரு வெட்ஜ். ஓட்டியவர் அனுபவசாலி; குழி இருக்கும் மூலைக்கு ஒருமுறைகூட முதுகைக் காட்டவில்லை. மூடி இறங்கும்வரை நடுவிலேயே மல்லுக்கட்டினோம். குழிக்குத் தள்ளுவதில் ஒரு சங்கடம் உண்டு: முழு வேகத்தில் தள்ளினால் தள்ளுகிறவரும் பின்னாலேயே உள்ளே போவார். அதனால் வேகத்தை நம்பாமல் கையை நம்பினோம். கொஞ்சம் தூக்கினால் போதும், எதிராளியின் முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும், பாதி எடை நம் சக்கரங்கள் மேல் இறங்கி நம் பிடிப்பு கூடும். அப்படித் தூக்கியபடியே மெதுவாக, சுவரை ஒட்டிக் கொண்டுபோனோம். சுவர் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டதால் அவரால் வழுக்கி விலக முடியவில்லை. விளிம்பில் கையை இறக்கிப் பின்வாங்கினேன். அவர் ரோபோ உள்ளே சரிந்தது.

வெளியே வந்ததும் அவரே வந்து கைகொடுத்தார். “தம்பி, அடுத்த சண்டைக்கு முன்னாடி தரையை இன்னொரு தடவை பாருங்க. காலையில இருந்த தரை இல்ல இது” என்றார்.

போய்ப் பார்த்தேன், உண்மைதான். ஸ்பின்னர்கள் கிழித்ததில் பலகை இணைப்பு ஒன்று மேலே எழும்பி நின்றது. தரையோடு ஒட்டி ஓடும் வெட்ஜ் அதில் முட்டினால் அப்படியே நின்றுவிடும். அமைப்பாளர்களிடம் சொன்னோம், சுத்தியலால் தட்டி அமுக்கிக் கொடுத்தார்கள். அமுங்காத இன்னொரு இணைப்பு இடப்பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் குறுக்காக மட்டும் ஓட்டுவது என்று முடிவு செய்து, சக்கரங்களில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துவிட்டு, பேட்டரியை மாற்றப் போனோம்.