கைமாற்று இல்லாமல் ஒரு ஜனவரி: பெங்களூரு வீட்டுக் கணக்கு

1 ஜனவரி 2025, புதன்

புது டைரியின் முதல் பக்கத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளைத்தான் எழுத வேண்டும். அரிசி, பால், வாடகை கூடினால் உடனே தெரியும். அடுத்த வாரமே கையைச் சுருக்கிக்கொள்ளலாம். குடும்பம் கைமாற்றுக் கடனுக்குப் போவது பெரும்பாலும் ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கும் ஐப்பசியில் தீபாவளிக்கும்தான். வரும் என்று முன்கூட்டியே தெரிந்த செலவு, மாதக் கணக்கில் எழுதாததால் திடீர்ச் செலவு போல வந்து நிற்கிறது.

நடுத்தர வீட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு: பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை 42,000. டேர்ம் இன்சூரன்ஸ் 11,000. வண்டி இன்சூரன்ஸும் சர்வீசும் 5,000. தீபாவளித் துணி, பலகாரம் 12,000. ஊருக்குப் போய்வர மூன்று தடவைக்கு 9,000. மிக்சி, கிரைண்டர், குழாய் ரிப்பேர் 5,000. மொத்தம் 84,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,000.

முதல் வருஷம் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஜனவரியிலிருந்து மாதம் 7,000 போட்டால் மே கடைசியில் 35,000தான் சேரும். பள்ளிக்கு 42,000 வேண்டும். மீதி 7,000க்குக் கடன் வாங்கியதும் திட்டத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும். அதனால் முதல் ஐந்து மாதம் 8,400 போட வேண்டும்; ஜூனிலிருந்து ஏழு மாதம் 6,000 போதும். மற்றச் செலவெல்லாம் ஜூனுக்குப் பிறகு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாக நிற்கும். ஏப்ரலில் இன்சூரன்ஸ் தேதி இருப்பவர்கள் அதையும் முன்பகுதியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பணத்தை வைக்க, ஜிபே, போன்பே எதிலும் இணைக்காத தனி சேமிப்புக் கணக்கு நல்லது. மாதாமாதம் கட்டும் பாங்க் ஆர்.டி.யும் ஆகும். தபால் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருஷத்துக்கானது, மூன்று வருஷத்துக்கு முன் முடிக்க முடியாது. பள்ளிக் கட்டணத்துக்கு அது உதவாது.

5 ஜனவரி, ஞாயிறு

இன்று முதல் பஸ் கட்டணம் 15 சதவீதம் உயர்ந்திருக்கிறது. மாத பாஸும் இந்த மாதமே 1,050லிருந்து 1,200 ஆகிறது. மாதம் 24 நாள் வேலைக்குப் போகிறவருக்கு நாளைக்கு 50 ரூபாய் கணக்கு. போக வர அதற்குக் குறைவாக ஆனால் பாஸ் எடுப்பது நஷ்டம். இரண்டு பஸ் மாறிப் போகிறவருக்குத்தான் லாபம்.

பெண்களுக்குச் சக்தி திட்டத்தில் சாதா பஸ் இலவசம், 2023 ஜூன் 11 முதல். ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஆதாரில் இன்னும் வேலூர், தர்மபுரி முகவரியை வைத்துக்கொண்டு பத்து வருஷமாக அல்சூரில் குடியிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாற்றினால் ஊரில் ரேஷன் கார்டு போய்விடுமோ என்று தயங்குகிறார்கள். ஊரில் ரேஷன் வாங்குகிறவர் இருந்தால் அந்தத் தயக்கம் நியாயமே. யாரும் வாங்காத கார்டு என்றால், முகவரியை இங்கே மாற்றிக்கொள்வதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

8 ஜனவரி, புதன்

ராத்திரியில் குளிர் 15, 16 டிகிரிக்கு வந்துவிட்டது. மாவு பொங்கவில்லை என்று பாக்கெட் மாவு வாங்கும் மாதம் இது. இட்லி அரிசி ஒரு கிலோ, முழு உளுந்து கால் கிலோ, வெந்தயம் ஒரு ஸ்பூன் போட்டால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு காணும். கடையில் அது ஒரு கிலோ பாக்கெட் மூன்று.

குளிருக்குச் செய்ய வேண்டியவை: அரிசி ஐந்தாறு மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு இரண்டு மணி போதும், அதற்கு மேல் ஊறினால் காண்பது குறையும். உளுந்தை அரை மணி நேரம் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். அரிசி ஆட்டும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடலாம். கல்லுப்பு போட்டுக் கையால் கரைத்து, பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிய அகலமான அண்டாவுக்குள் வைத்து மேலே கம்பளித் துணி போர்த்தினால் 14 முதல் 16 மணி நேரத்தில் பொங்கும். சாயங்காலம் ஆறுக்கு ஆட்டிவிட்டுக் காலை ஆறுக்குப் பொங்கவில்லையே என்று சோடா போடுவது தப்பு. மதியத்திலேயே ஆட்டிவிட வேண்டும்.

பால்: நந்தினி நீலப் பாக்கெட் இந்த ஜனவரியில் (2025) 1,050 மில்லி 44 ரூபாய், 550 மில்லி 24 ரூபாய். சின்னது இரண்டு வாங்கினால் 48 ஆகும், 50 மில்லி கூடக் கிடைக்கும். லிட்டருக்கு ஒன்றே முக்கால் ரூபாய் வித்தியாசம். தினமும் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டில் மாதம் ஐம்பது ரூபாய் வரும். பெரிய தொகை இல்லை, ஆனால் இதற்கு எந்தச் சிரமமும் இல்லை.

11 ஜனவரி, சனி

அவரைக்காய்க் காலம். தெருவெல்லாம் குவியல். மலிவாக இருக்கிறதே என்று வாங்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தோலோடு ஒரு கிலோ வாங்கினால் உள்ளே பருப்பு அரைக்கிலோகூடத் தேறாது. நகத்தால் கீறிப் பிசின் போல எண்ணெய் கையில் ஒட்டி மணம் வந்தால் நாட்டுக்காய், அது வாங்கலாம். உரித்துப் பிதுக்கி விற்பதன் விலையில் பாதிக்கு மேல் கூலி. வீட்டில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுக் காலையில் பிதுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். பிதுக்குப் பருப்புக் குழம்பும் ராகிக் களியும் இருந்தால் அன்றைக்கு வேறு காய் வேண்டாம்.

ராகியை மாவாக வாங்காமல் தானியமாக வாங்கி, கல் பொறுக்கிக் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்துக் கிரணியில் (மாவு மில்லில்) அரைப்பது மேல். தானியத்தில் பூச்சி அவ்வளவாக ஏறாது, வருஷக் கணக்கில் இருக்கும். மாவு இரண்டு மூன்று மாதத்தில் கசந்துவிடும். ஈரம் போகாமல் அரைத்தால் ஒரே வாரத்தில் கட்டி கட்டும். களிக்கு ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்.

13 ஜனவரி, திங்கள்

போகி. பழையன கழிக்கும் நாளில் சொட்டும் குழாயை மாற்றிவிடுவது நல்ல பழக்கம். ராத்திரி குழாயடியில் பக்கெட் வைத்துக் காலையில் அளந்தால் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். போர் தண்ணீரின் உப்பில் வாஷர் சீக்கிரம் போகிறது. மாடியில் அந்தக் குழாய்க்கான கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, தலைப்பகுதியை ஸ்பேனரால் இடப்பக்கம் திருகிக் கழற்ற வேண்டும். பழைய ஸ்பிண்டிலை (வாஷர் மாட்டிய உள்தண்டை) கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். அளவை வாயால் சொல்லி வாங்கினால் பாதி தடவை பொருந்தாது. முழுக் குழாயையே மாற்றுவதானால் டெஃப்லான் டேப்பை மரையின் போக்கிலேயே, வலப்பக்கமாகப் பத்துச் சுற்று இறுக்கிச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது அவிழ்ந்து ஒழுகும்.

18 ஜனவரி, சனி

கரண்ட் பில். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் எல்லோருக்கும் 200 யூனிட் இலவசம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 2022-23இல் அந்த மீட்டரில் ஓடிய மாதச் சராசரி, அதோடு 10 சதவீதம், அதுதான் இலவசம். சராசரி 120 என்றால் 132. அதற்கு மேல் 200 வரை ஓடினால் கூடுதலுக்கு மட்டும் பணம். 200ஐத் தாண்டினால் முழுப் பில்லும் நம் தலையில்: 201 யூனிட்டுக்கு 2024-25 விலையான 5.90 வீதம் 1,185 ரூபாய் 90 காசு. நிலைக் கட்டணமும் வரியும் தனி. வாடகைக்காரரும் பில்லில் உள்ள ஆர்.ஆர். நம்பரை (மீட்டர் இணைப்பு எண்ணை) ஆதாரோடு சேர்த்து வாங்கலாம். வீடு மாறும்போது பழைய நம்பரிலிருந்து ஆதாரை விடுவிக்க மறக்கக்கூடாது; மறந்தால் புது வீட்டில் பதிவு ஏறாது.

பில் தேதியிலிருந்து பதினைந்தாம் நாள் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதில் 90ஐத் தாண்டியிருந்தால் கீசரைக் கவனிக்க வேண்டும். 15 லிட்டர் கீசரை ஒரு தடவை நிறையச் சூடாக்க அரை முதல் முக்கால் யூனிட் போதும். அதைப் போட்டுவிட்டு மறந்தால், சூடு ஆற ஆறத் திரும்பத் திரும்ப ஓடும்.

பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 13 யூனிட் மிச்சம். இலவச எல்லைக்குள்ளேயே இருக்கும் வீட்டில் அந்த 13 யூனிட்டால் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது, மூவாயிரம் கொடுத்து வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. 195, 205 என்று ஊசலாடும் வீட்டில் அதே ஃபேன் சீக்கிரமே தன் விலையை எடுத்துவிடும்.

19 ஜனவரி, ஞாயிறு

2025 ஜனவரியில் சிலிண்டர் 805 ரூபாய் 50 காசு. மாட்டிய தேதியைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதிவைத்தால் எத்தனை நாள் வந்தது என்று தெரியும். 45 நாள் வந்தால் நாளைக்கு 18 ரூபாய்.

குக்கரில் விசிலை எண்ணுவதுதான் இங்கே பெரிய விரயம். முதல் விசில் வந்ததும் உள்ளே வேண்டிய அழுத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அடிப்பதெல்லாம் ஆவியாக வெளியே போகும் காஸ். முதல் விசிலில் தீயைச் சிம்முக்கு இறக்கி, துவரம்பருப்புக்குப் பத்து நிமிஷம் கடிகாரம் பார்த்து அணைத்து, ஆவி தானாக அடங்கவிட வேண்டும். பருப்பு முன்பே அரை மணி ஊறியிருக்க வேண்டும். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பைத் திறந்து வேகவைப்பது இந்த ஊரில் கட்டாது. எவ்வளவு வைத்தாலும் வேகவில்லை என்றால் போர் தண்ணீரின் சுண்ணாம்புதான் காரணம். பருப்புக்கு மட்டும் காவேரித் தண்ணீர் விட வேண்டும். புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான்.

22 ஜனவரி, புதன்

வீடு தேடுகிறவர்களுக்காக இதை விரிவாக எழுத வேண்டும். பெங்களூரில் லீஸ் என்பது நம் பக்கத்துப் போகியம். எட்டு லட்சம் கொடுத்தால் மூன்று வருஷம் வாடகை கிடையாது, காலி பண்ணும்போது பணம் முழுசாகத் திரும்பும் என்பது பேச்சு. வாடகை மிச்சம் என்று கடன் வாங்கி லீஸ் போடுகிறார்கள்.

கணக்கு இப்படி. அதே வீட்டுக்கு வாடகை 9,000 என்று வைப்போம். சொந்தப் பணம் எட்டு லட்சம் பாங்கில் 7 சதவீதத்தில் கிடந்தால் மாதம் 4,667 வரும். அதை விட்டுக்கொடுத்து 9,000 மிச்சம் பிடித்தால் லாபம்தான். எட்டு லட்சத்தை 14 சதவீதத்தில் பர்சனல் லோன் வாங்கினால் முதல் மாத வட்டி மட்டும் 9,333. வாடகையை விட அதிகம், அசல் தனி. ஆக, லீஸ் கையில் பணம் இருப்பவருக்கானது.

கையில் பணம் இருந்தாலும் மூன்றைப் பார்க்காமல் கொடுக்கக்கூடாது. ஒன்று, கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் ஈ.சி. (வில்லங்கச் சான்று) எடுத்து வீட்டின் மேல் அடமானம் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு, மூலப் பத்திரத்தை நேரில் காட்டச் சொல்வது. ஜெராக்ஸ் மட்டும் நீட்டினால் ஒரிஜினல் பாங்கில் இருக்கலாம். கடன் கட்டாமல் பாங்க் வீட்டை எடுத்தால் லீஸ்காரர் நடுத்தெருவில். மூன்று, பணம் வாங்கும் ஆளும் பத்திரத்தில் பெயர் உள்ள ஆளும் ஒருவரா என்பது. ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து அதையே லீஸுக்கு விட்டுவிட்டுத் தலைமறைவாகும் இடைத்தரகர்கள் உண்டு. ஓனர் வந்து வாடகை கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் பதிவாக வேண்டும். பணம் பாங்க் வழியாக மட்டும்.

25 ஜனவரி, சனி

மாதக் கடைசி வாரம்தான் கார்டும் தண்டலும் கண்ணில் படும் வாரம். கிரெடிட் கார்டில் 20,000 பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 700. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 126. ஆக 826. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 1,000 கட்டினால் அசலில் குறைவது 174 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் பாக்கி விழுந்த அன்றே கார்டை அலமாரியில் வைத்துவிட்டு, தீரும்வரை ரொக்கத்தில் வாங்க வேண்டும்.

தண்டல்: 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள், நாளைக்கு நூறு வீதம் நூறு நாள். 15 சதவீதம்தானே என்று தோன்றும். கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருவதால், வருஷக் கணக்கில் அது நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள் இதை அறியாமல் வாங்கவில்லை, காலையில் சரக்கு எடுக்கப் பணம் இல்லாமல் வாங்குகிறார்கள். நாளைக்கு 100 கட்ட முடிகிறவரால், இந்தத் தண்டல் முடிந்த பிறகு இன்னும் 85 நாள் அதே நூறை டப்பாவில் போட முடியும். போட்டால் அடுத்த 8,500 அவருடையதாகவே இருக்கும்.

31 ஜனவரி, வெள்ளி

மாத முடிவு. 8,400 தனிக் கணக்குக்குப் போயிற்று. சம்பளம் வந்த அன்றே போட்டதால்தான் போயிற்று. மிஞ்சியதைப் போடலாம் என்று வைத்திருந்தால் பொங்கலிலேயே கரைந்திருக்கும். பிப்ரவரிக்குக் குறித்துக்கொள்ள வேண்டியவை: குக்கர் காஸ்கெட் தளர்ந்திருக்கிறது. காஸ் ட்யூபின் மேல் அச்சடித்த வருஷம் 2020, ஐந்து வருஷம் ஆகிவிட்டது, மாற்ற வேண்டும். மார்ச்சில் வெயில் ஏறினால் மாவு எட்டு மணி நேரத்தில் பொங்கும், ஆட்டும் நேரத்தை ராத்திரிக்குத் தள்ள வேண்டும்.