ஐந்து முறையா, பன்னிரண்டு முறையா?

முதுகலை ஆங்கிலத்தின் ஷேக்ஸ்பியர் தாளில் ‘கோரியலேனஸ்’ நாடகத்தைக் கண்டு தயங்குவோருக்காக இதை எழுதுகிறேன். பாம்பனிலிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்று படித்த நான் அகமதிப்பீட்டுத் தேர்வில் சறுக்கியது இந்நாடகத்தில்தான். வினா, இரு வீரர்களின் உறவைப் பற்றியது. பின்னர் ‘கோரியலேனஸ்’ என்று பெயர் பெறும் ரோமானியனான மார்சியஸும், ரோமின் எதிரிகளான வோல்சியரின் தளபதி ஆஃபிடியஸும் முதலில் பகைவர், பின்பு நண்பர், இறுதியில் துரோகம் என்று கதையை மூன்றாக வெட்டி எழுதியதற்குப் பத்துக்கு மூன்றரை கிடைத்தது.

அதுவரை நான் படித்தது கைடு மட்டுமே. மூலத்தை எடுத்தபோது, முதல் காட்சியிலேயே மார்சியஸ், தான் தானாக இல்லாவிடில் ஆஃபிடியஸாக இருக்கவே விரும்புவதாகச் சொல்வது கண்ணில் பட்டது. பகையும் வியப்பும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன.

நான்காம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியை வாய்விட்டுப் படியுங்கள். நாடு கடத்தப்பட்டு வாசலில் வந்து நிற்கும் பகைவனைத் தழுவிக்கொள்ளும் ஆஃபிடியஸ், மணமகள் முதன்முதலாகத் தன் வாசற்படி தாண்டி வந்தபோதுகூட நெஞ்சு இப்படித் துள்ளவில்லை என்கிறான். அவனோடு கட்டிப் புரண்டு போரிடுவதாக இரவுதோறும் கனவு கண்டு, வெறுங்கையோடு பாதி உயிராக விழித்ததையும் சொல்கிறான். ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்த, 1579இல் வெளிவந்த, பண்டைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க்கின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தக் கனவு இல்லை. கூச்சப்பட்டு இவ்வரிகளைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம்; மதிப்பெண் இருப்பதோ இங்கேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் அங்கத்தில் ஐந்து முறை மோதி ஐந்து முறையும் தோற்றதாகச் சொன்ன ஆஃபிடியஸ், இங்கே பன்னிரண்டு முறை தோற்றதாகச் சொல்கிறான். திண்ணையில் வலைக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். “கையில இருந்து நழுவுன சீலா மீன் மட்டும் வருசா வருசம் எடை கூடிக்கிட்டே போகும்ல” என்றார், தலை நிமிராமலே. தேர்வில் அந்த எண்களை வைத்தே ஒரு பத்தி எழுதினேன்.

இராமேசுவரத்துப் பக்கம் படிப்பவர்களுக்குக் கம்பனின் “இன்று போய் நாளை வா” உடனே நினைவுக்கு வரும். ஒப்பிடலாம், ஆனால் கவனம் தேவை: அது வென்றவனின் பெருந்தன்மை, இதுவோ தோற்றவனின் தீராத ஏக்கம். அந்த ஏக்கத்திலேயே பொறாமையும் ஒளிந்திருக்கிறது. ஆஃபிடியஸின் வீரர்கள் உணவுக்கு முன் செய்யும் வழிபாட்டைப் போல மார்சியஸின் பெயரைச் சொல்லத் தொடங்கியதும் அது வெளியே வந்துவிடுகிறது.

பருவத் தேர்வில் இதே வினா வந்தபோது கடைசிக் காட்சியிலிருந்து விடையைத் தொடங்கினேன். தன் ஆட்களை ஏவி மார்சியஸைக் கொன்று உடல்மீது ஏறி நிற்கும் ஆஃபிடியஸ், சற்று நேரத்தில் சினம் தணிந்து துயரத்தில் ஆழ்கிறான். தலைசிறந்த வீரர் மூவரை அழைத்து, சடலத்தைச் சுமக்க நான்காவது ஆளாகத் தானே வந்து நிற்கிறான்.