பெயர் எழுதாத எண்ணூறு தாள்கள்

சமூக மருத்துவத்தில் எம்.டி. படிப்பவர்களுக்குத் தீசிஸ் தலைப்பு அமைவதே பெரும்பாடு. எனக்கு அது சுலபமாக அமைந்தது: அரசு கலை அறிவியல் கல்லூரி மாணவர்களின் உடல்நலமும் மனநலமும். மருத்துவம் படிப்பவர்களைப் பற்றி ஆய்வுகள் ஏராளமாக வருகின்றன. ஆய்வு செய்கிறவர்களுக்கு அவர்கள்தானே பக்கத்திலேயே கிடைக்கிறார்கள்! காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் ஜவுளிக்கடை என்று ஓடும் பி.ஏ., பி.காம். பிள்ளைகளை யாரும் அவ்வளவாகத் தேடிப் போய்க் கேட்பதில்லை. இதே மாதிரி சர்வே எடுக்கப்போகும் ஜூனியர்கள் அடிக்கடி விவரம் கேட்பதால், நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

எத்தனை பேரிடம் கேட்பது என்ற கணக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது. பாதிப்பு எத்தனை சதவீதம் என்று முன்கூட்டித் தெரியாதபோது 50 என்று வைத்துக்கொண்டு, முன்பின் 5 சதவீதம் விலகலாம் என்று இடம் கொடுத்தால் 384 பேர் வரும். தீசிஸ்களைப் புரட்டினால் இந்த 384 அடிக்கடி கண்ணில் படும். ஆனால் நாங்கள் மாணவர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கவில்லை, வகுப்பு வகுப்பாக எடுத்தோம். ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒரே டைம்டேபிளில் அவதிப்படுகிறவர்கள், பலர் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். பதில்களும் ஒன்றுபோல இருக்க வாய்ப்பு அதிகம். அதை ஈடுகட்ட இரண்டால் பெருக்கி, வராமல் போகிறவர்களுக்கும் கொஞ்சம் சேர்த்து, எண்ணூறு என்று வைத்துக்கொண்டோம்.

கேள்வித்தாளை நாமே உட்கார்ந்து எழுதக் கூடாது என்பது கைடு சொன்ன முதல் விஷயம். மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள், பொதுவான நலத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகள் என்று எடுத்துக்கொண்டோம். முதலாவதில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டியவர் என்று கொள்வது வழக்கம். பயன்படுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கட்டணமும் இல்லை. இரண்டாவதில் 25-க்கு வரும் மதிப்பெண்ணை நான்கால் பெருக்கி நூற்றுக்குக் கணக்கிடுவார்கள். சாப்பாடு, தூக்கம், தண்ணீர், பீரியட்ஸ், வேலை, பயணம் பற்றிய கேள்விகளை மட்டும் நாங்கள் எழுதிச் சேர்த்தோம்.

அப்புறம் ஆய்வில் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி. உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது.

பி.எச்.க்யூ-வின் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் செத்துப்போய்விட்டால் தேவலை என்றோ தன்னையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று கேட்கிறது. கமிட்டியில் இருந்த ஒரு மூத்த பேராசிரியர் அந்த வரியில் விரலை வைத்தார். "ஒரு பொண்ணு இதுல 'கிட்டத்தட்ட எல்லா நாளும்'னு டிக் அடிச்சிருக்கா. உங்க ஃபார்ம்ல பேரு இல்ல. ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து இதைப் படிக்கிறீங்க. என்ன பண்ணுவீங்க?"

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. அந்த ஒரு கேள்வியை எடுத்துவிட்டால் பி.எச்.க்யூ-8. உதவி செய்ய ஆள் பக்கத்தில் இல்லாத பெரிய சர்வேக்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கமிட்டியிலேயே ஒருவர் அதைச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கேட்டால்தான் அந்த எண்ணம் வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை. கேட்காமல் விட்டால் நமக்குத்தான் நிம்மதி, அந்தப் பெண்ணுக்கு இல்லை. பெயர் எழுதச் சொல்வதிலும் பயனில்லை. பெயர் கேட்ட மறுநிமிடம் எல்லோரும் 0, 0, 0 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

கைடும் நானும் மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு தாளின் கடைசியிலும் கிழித்தெடுக்கும் ஒரு துண்டுச்சீட்டு. 'யாரிடமாவது பேச விரும்புகிறேன்' என்று அதில் இருக்கும். விருப்பமுள்ளவர் போன் நம்பரையோ, எப்போது எங்கே சந்திக்கலாம் என்பதையோ எழுதலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. நான்கு பேர் மட்டும் சீட்டைக் கிழித்துப் பெட்டியில் போட்டால் அந்த நான்கு பேரையும் வகுப்பு முழுக்கப் பார்க்கும். அதனால் எல்லோரும் கிழிக்க வேண்டும், வெற்றுச் சீட்டாக இருந்தாலும் மடித்து இரண்டாவது பெட்டியில் போட்டே ஆக வேண்டும் என்று வைத்தோம். சீட்டு எழுதியவர்களின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்க முடியாது என்பதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதிவிட்டோம். போனில் மனநல ஆலோசனை தரும் டெலி-மானஸின் 14416 எண் அச்சிட்ட அட்டை ஒவ்வொருவர் கைக்கும். 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. அரசுடையது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். இத்தனை இருந்தும் எங்கள் வகுப்புகளில் அந்த எண்ணைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் குறைவு.

ஒன்பதாவது கேள்விக்கு டிக் அடித்துவிட்டு, சீட்டை வெறுமையாகப் போட்டவர்கள்? இருந்தார்கள். அவர்களை அடையாளம் காண எங்களுக்கு வழியே கிடையாது, அப்படித்தான் வடிவமைத்திருந்தோம். அதனால் ஒரு வகுப்பின் தாள்களை அன்று மாலையே படித்துவிடுவேன். மறுநாள் உளவியலாளர் அந்த வகுப்புக்குப் போய் எல்லோருக்கும் பொதுவாகப் பேசிவிட்டு, என்.எஸ்.எஸ். அறையில் மாலை வரை இருப்பார். சிலர் வந்தார்கள். வந்தவர்களில் அந்தத் தாள்களுக்கு உரியவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இது எனக்கு முழுத் திருப்தி தந்த ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். இதைவிட நல்லதை யாராவது செய்திருந்தால் கற்றுக்கொள்ள ஆசை.

கமிட்டி இன்னொன்றும் கேட்டது: வயது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி 18 நிரம்பாதவர்களிடம் ஆய்வு செய்யப் பெற்றோர் சம்மதமும் வேண்டும். முதலாமாண்டில் சேரும்போது பாதிப் பேருக்கு 17 தான். வீட்டுக்குப் படிவம் கொடுத்தனுப்பினால் அப்பா கையெழுத்தைப் பக்கத்து பெஞ்ச் நண்பன் போட்டுத் தருவான் என்பது கல்லூரி போன எல்லோருக்கும் தெரியும். அதனால் இரண்டாவது செமஸ்டர் வரை காத்திருந்து, 18 நிரம்பியவர்களை மட்டும் எடுத்தோம்.

கல்லூரி அனுமதி பற்றி நீட்ட வேண்டியதில்லை. இணை இயக்குநர் அலுவலகக் கடிதம் வேண்டும், கிடைத்தது. பிரின்சிபலின் கவலை வேறு. "நம்ம காலேஜ் பேரு பேப்பர்ல வந்துடக் கூடாதும்மா" என்றார். தீசிஸில் கல்லூரியின் பெயர் எங்கேயும் வராது என்று எழுதிக் கொடுத்தேன். மாணவர் தற்கொலைகள் குறித்து ஆராய 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் பணிக்குழு அமைத்ததையும் சொன்னேன். அதுதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறேன். "நாளைக்கு நம்மளையும் கேப்பாங்க, இல்ல?" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

முன்னோட்டத்துக்கு ஒரு வகுப்பில் கூகுள் ஃபார்ம் கொடுத்துப் பார்த்தோம். மூன்று பேர் ஒரு போனில் குனிந்து, சிரித்துக்கொண்டே ஒருவனுடையதை எல்லோரும் நிரப்பினார்கள். சிலருக்கு நெட் பேலன்ஸ் இல்லை. இன்னும் சிலருக்கு அது அண்ணன் போன். அண்ணனின் ஜிமெயில் திறந்தே இருக்கிறது. காகிதத்துக்கே திரும்பினோம்.

காகிதம் என்றால் அடுத்து அறை. வகுப்பறையில் ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர் உட்காருகிறார்கள்; பக்கத்திலிருப்பவள் பார்க்காமல் எதையும் எழுத முடியாது. தேர்வு மாதிரி தள்ளித் தள்ளி உட்கார வைத்தால் "மேடம், இது இன்டர்னல்ல சேருமா?" என்று கேட்கிறார்கள். கடைசியில் கருத்தரங்கக் கூடத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை உட்காரச் சொல்லி, அட்டெண்டன்ஸை ஃபார்ம் கொடுப்பதற்கு முன்பே எடுத்து முடித்துவிட்டோம். எழுத விருப்பமில்லாதவர் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வெற்றுத்தாளை மடித்துப் பெட்டியில் போடலாம்.

ஆசிரியர்களை வெளியே அனுப்புவதுதான் கஷ்டம். "நான் இருந்தாதான் பேசாம எழுதுவாங்க" என்று ஒரு எச்.ஓ.டி. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "சார், உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தர்றேன்" என்று அழைத்துப்போய்விட்டார் என் உடன் வந்த ஹவுஸ் சர்ஜன் பையன். அந்தப் பையன் பிழைத்துக்கொள்வான். ஆசிரியர் வாசலைத் தாண்டியதும் கூடத்தில் ஒரு சலசலப்பு எழும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். அதன் பிறகுதான் பேனாக்கள் நிதானமாக நகரும்.

அடையாளம் பெயரில் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். துறை, ஆண்டு, பாலினம், சாதிப் பிரிவு, ஹாஸ்டலா வீடா என்று முதல் பக்கத்தில் எல்லாவற்றையும் கேட்பது எங்கள் துறையில் ஒரு பழக்கம். பதினைந்து பேர் படிக்கும் மூன்றாமாண்டு இயற்பியலில் ஹாஸ்டலில் இருக்கும் பெண் ஒருத்திதான் என்றால், பெயர் எழுதாமல் என்ன பயன்? முன்னோட்டத்தில் ஒரு மாணவி, "இதை வெச்சே நான்தான்னு தெரிஞ்சிடும்க்கா" என்று நேராகக் கேட்டாள். துறையைக் கலை, அறிவியல், வணிகம் என்று மூன்றாகச் சுருக்கினோம். சாதிப் பிரிவை எடுத்தே விட்டோம். எங்கள் ஆய்வுக் கேள்விக்கு அது தேவைப்படவில்லை.

எதிர்பாராத பதில்கள் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் வந்தன. "வழக்கமாகக் காலை உணவு சாப்பிடுவீர்களா?" என்றால் எல்லோரும் ஆமாம். "இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?" என்று மாற்றினோம். முதல் ஷிப்டில் வருகிறவர்களின் தாள்களில் டீ, பிஸ்கட், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. கிராமத்திலிருந்து கல்லூரி நேரத்துக்கு ஒரே ஒரு டவுன் பஸ்; அதை விட்டால் முதல் பீரியட் போச்சு. பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்தான், ஆனால் அது வரும்போதுதானே ஏற முடியும்! தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பல பெண்கள் அளவை எழுதாமல் பக்கத்தில் காரணத்தை எழுதியிருந்தார்கள்: 'பாத்ரூம் போக முடியாது', 'மதியத்துக்கு மேல பூட்டிருவாங்க', 'வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பேன்'. சிறுநீர்த் தொற்று பற்றி அடுத்த பக்கத்தில் தனிக் கேள்வி வைத்திருந்தேன். காரணம் முந்தைய பக்கத்தின் ஓரத்திலேயே இருந்தது.

தூக்கம் பற்றிய கேள்வியை பையன்கள் எங்களுக்குத் திருத்திக் கொடுத்தார்கள். இரவு எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள் என்று கேட்டால், "முகூர்த்த நாளா, சாதா நாளா மேடம்?" என்றான் ஒருவன். கேட்டரிங்கில் பரிமாறப் போகிறவன். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு மண்டபத்திலேயே கழியும். விடிந்ததும் டிபன் பந்தி முடித்துவிட்டு நேராகக் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்களுக்கு, வேலை உள்ள இரவு, இல்லாத இரவு என்று இரண்டு வரியாகப் பிரித்தோம்.

டேட்டா என்ட்ரியில் கவனிக்க வேண்டிய ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகளில் முதல் கட்டம் 'எப்போதும்' என்பது. கேள்விகள் எல்லாம் மகிழ்ச்சி, உற்சாகம் பற்றியவை. பி.எச்.க்யூ-வில் முதல் கட்டம் 'ஒருபோதும் இல்லை'. கேள்விகள் எல்லாம் சோர்வு பற்றியவை. ஆக, எதையும் படிக்காமல் இடது ஓரமாகவே டிக் அடித்துக்கொண்டு போகிற பையன் இரண்டிலும் பூரண ஆரோக்கியத்தோடு வெளியே வருவான். கட்டங்களின் வரிசையை நாம் மாற்றவும் கூடாது, அளவுகோலே கெட்டுவிடும். அதனால் இரண்டையும் வெவ்வேறு பக்கங்களில் வைத்து, நடுவே தூக்க நேரத்தை எண்ணாக எழுதச் சொன்னோம். மூன்று மணி நேரம்தான் தூங்கினேன் என்று எழுதியவன், தூக்கத்தில் பிரச்சினையே இல்லை என்று டிக் அடித்திருந்தால் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்தோம்.

எண்களை இங்கே தரவில்லை, தீசிஸ் மதிப்பீட்டில் இருக்கிறது. கல்லூரிக்கு மட்டும் இரண்டு பக்கச் சுருக்கம் கொடுத்தேன். பிரின்சிபல் முதலில் கேட்டது, "எந்த டிபார்ட்மென்ட் மோசம்?" துறைவாரியாகத் தர மாட்டேன் என்று மாணவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. என் கைடிடம் போனில் ஒருமுறை கேட்டுப் பார்த்தார், அங்கேயும் அதே பதில். பிறகு கழிப்பறை பற்றிய பத்தியைப் படித்துவிட்டு அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டு, மதியம் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தார். இரண்டாவது ஷிப்ட் முடியும் வரை இப்போது திறந்திருக்கிறதாம். சீட்டு எழுதிப்போட்ட மாணவி ஒருத்தி மெசேஜ் அனுப்பியிருந்தாள். தண்ணீர் வருவதில்லை என்றும் சேர்த்து எழுதியிருந்தாள்.