அறிக்கையில் மட்டும் இருந்த ஆர்சனிக்

மணலிப் பகுதித் தூசியிலுள்ள உலோகங்கள் நுரையீரல் செல்களை என்ன செய்கின்றன என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. தூசி பிடிப்பதில் சிரமமில்லை. மொட்டை மாடியில் கருவியை வைத்து, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை டெஃப்லான் ஃபில்டரை மாற்றினால் முடிந்தது. பாடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உலோகங்களை அவற்றின் அணு நிறையை வைத்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி எங்கள் கல்லூரியில் கிடையாது. சாம்பிள்களோடு இரவு பஸ் பிடித்து வெளியூர் ஆய்வு மையத்துக்குப் போனால், துறைத் தலைவரின் முத்திரை கையெழுத்தின் மேல் விழவில்லையாம், பக்கத்தில் விழுந்திருக்கிறதாம். வாங்க மறுத்துவிட்டார் கவுன்ட்டரில் இருந்தவர். படிவத்தில் அப்படி ஒரு விதியே இல்லை. திரும்பி வந்து, முத்திரையை மேலேயே குத்திக்கொண்டு மறுபடி போனேன்.

ஒருவழியாக அறிக்கை வந்தது. ஆர்சனிக்குக்கு இந்தியாவின் ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 6 நானோகிராம். எங்களுக்கு வந்ததோ அதைப்போல் பல மடங்கு. நெறியாளர் கட்டுரைக்குத் தலைப்பே யோசிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு உறுத்தியது. தூசியே படாத வெற்று ஃபில்டரிலும் ஏறக்குறைய அதே ஆர்சனிக்! தூசியைக் கரைக்கப் பயன்படுத்தியது ராஜதிராவகம், அதாவது ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலங்களின் கலவை. அதிலுள்ள குளோரின், கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவோடு சேர்ந்தால் நிறை 75. ஆர்சனிக்கின் நிறையும் 75. கருவிக்குள் ஹீலியம் வாயுவைச் செலுத்தி, ஹீலியம் மோடில் அளந்தால் இந்தப் போலி விலகிவிடும். எந்த அமிலம் என்று படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தேன், யாரும் படிக்கவில்லை.

தொலைபேசியில் கேட்டால், "மெஷின் காட்டியதைத்தான் கொடுத்தோம்" என்றார்கள். வெற்று ஃபில்டரின் முடிவை இணைத்து மையத் தலைவருக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். கட்டணமில்லாமல் மறுபடி அளந்தார்கள். ஆர்சனிக் சரிந்தது, செம்பும் துத்தநாகமும் அப்படியே நின்றன. அன்று இரண்டு காபி குடித்தேன்.

வெற்று ஃபில்டர் அனுப்பாமல் எந்த மையத்துக்கும் போகாதீர்கள். "ஹீலியம் மோட்" என்று படிவத்தில் பெரிதாக எழுதுங்கள்.

அடுத்த கட்டமாக, ஆய்வகத்தில் வளர்க்கும் ஏ549 என்ற மனித நுரையீரல் செல்களில் தூசியைச் சோதிக்க வருபவர்கள் ஃபில்டரில் பாதியை முதலிலேயே தனியே வைத்துவிடுங்கள். அமிலக் கரைசலை ஊற்றினால் செல்களைக் கொல்வது அமிலமாக இருக்கும், உலோகமல்ல. நீரில் கலக்கிய தூசிதான் வேண்டும், அதுவும் சொற்பமாகவே கிடைக்கும்: கருவி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கிறது என்றால் நாள் முழுக்க 24 கன மீட்டர் காற்றுதான். கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் தூசி இருந்தாலும் ஒன்றரை மில்லிகிராம் தேறாது. செல்களை வளர்க்கும் திரவத்தில் சேர்க்கும் சீரத்தை (இரத்தத்திலிருந்து பிரித்த நீர்மம்) குறையுங்கள், அதன் புரதங்கள் உலோகங்களைப் பிடித்துவைத்து நஞ்சைக் குறைத்துக் காட்டும். உயிருள்ள செல்கள் உண்டாக்கும் ஊதா நிறத்தை அளக்கும் எம்டிடி சோதனையில், தூசியிலுள்ள கரித்தூளும் 570 நானோமீட்டர் ஒளியை விழுங்குவதால் செத்த செல்கள் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். செல் இல்லாமல் தூசி மட்டும் போட்ட குழிகளையும் தட்டில் வைத்து, அந்த அளவைக் கழித்துவிடுங்கள்.